இருபது வருட சர்வீஸுக்குப் பிறகு ஒரு தகுதித் தேர்வு: டெட் இங்கே வந்து நின்றது எப்படி?

ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டு இடைநிலை ஆசிரியர்கள், அதாவது ஒன்று முதல் ஐந்து வரை கற்பிப்பவர்கள், இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பயிற்சி நிறுவனத்தில் படித்தவர்கள், ஒரே நாளில் பணி நியமன ஆணை வாங்கியவர்கள். ஒருவர் பிறந்தது 1970 ஜூன் மாதம், இன்னொருவர் 1971 ஜூன் மாதம். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. எனவே ஒருவர் 2030-இலும் மற்றவர் 2031-இலும் ஓய்வு பெறுவார்கள். 2025 செப்டம்பர் 1 வரை இந்த ஒரு வருட வித்தியாசம் யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது. அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, மூத்தவர் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதாமலே ஓய்வு வரை பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. இளையவர் 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும், அல்லது கட்டாய ஓய்வில் அனுப்பப்படுவார்.

நீதிபதி தீபாங்கர் தத்தா இடம்பெற்ற இரு நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு இது. மகாராஷ்டிரத்தின் அஞ்சுமன் இஷாத்-இ-தலீம் அறக்கட்டளையின் வழக்கோடு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குகளும் சேர்த்து விசாரிக்கப்பட்டன. ஓய்வுக்கு 5 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு முழு நீதி வழங்கத் தனி அதிகாரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி நீதிமன்றம் சலுகை கொடுத்தது. மற்ற எல்லோருக்கும் தேர்வு கட்டாயம் என்றது. 1990-களில் சேர்ந்தவரும் சரி, 2009-இல் சேர்ந்தவரும் சரி, விதிவிலக்கு இல்லை.

ஆசிரியர் அறைகளில் அன்று எழுந்த முதல் கேள்வி நியாயமானது: "வேலைக்குச் சேரும்போது இல்லாத தகுதியை இப்போது எப்படிக் கேட்கிறார்கள்?" இதற்கு விடை தேடினால் கடந்த பதினைந்து வருடத்தில் டெட் என்ற ஒரே தாளை எத்தனை வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது தெரியவரும். உள்ளே விடுவதற்கான குறைந்தபட்சச் சான்றாக வந்தது அது. பிறகு ரேங்க் பட்டியல் ஆனது, காத்திருப்போர் வரிசை ஆனது, பதவி உயர்வுக்குத் தடை ஆனது. கடைசியாக, வேலையைத் தக்கவைக்கும் தேர்வாகவும் ஆகிவிட்டது.

சட்டம் என்ன கேட்டது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆவது பிரிவு, மத்திய அரசு அங்கீகரிக்கும் ஒரு கல்வி அமைப்பு ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் என்றும், அந்தத் தகுதி உள்ளவரையே நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த அமைப்பாக தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்சிடிஇ, அறிவிக்கப்பட்டது. 2010 ஆகஸ்ட் 23-இல் என்சிடிஇ வெளியிட்ட அறிவிக்கையில்தான் டெட் முதன்முதலாக வருகிறது. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க ஆசிரியர் பட்டயமும் டெட் முதல் தாளும் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டம், பி.எட்., டெட் இரண்டாம் தாள். ஒன்பதாம் வகுப்பு முதல் இந்தச் சட்டமே எட்டாது. அதனால்தான் முதுகலை ஆசிரியர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அதே அறிவிக்கையின் 4-ஆவது பத்தி முக்கியமானது. இந்த அறிவிக்கைக்கு முன்பு, அப்போதிருந்த விதிகளின்படி முறையாக நியமிக்கப்பட்டவர்கள் புதிய குறைந்தபட்சத் தகுதியைப் பெறத் தேவையில்லை என்று அது சொன்னது. பழைய ஆசிரியர்கள் பதினைந்து வருடம் நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் இந்தப் பத்திதான். அவர்கள் அலட்சியமாக இருந்துவிட்டார்கள் என்று இன்று பேசுகிறவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள். எழுதத் தேவையில்லை என்று அரசிதழிலேயே அச்சிட்டிருந்த தேர்வை எழுதாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

2011 பிப்ரவரியில் தேர்வை எப்படி நடத்துவது என்று என்சிடிஇ வழிகாட்டுதல் கொடுத்தது. 150 கேள்வி, 150 மதிப்பெண், கொள்குறி வகை, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. மாநில அரசு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை தரலாம். சான்று அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்வு நடத்த வேண்டும். தேர்ச்சி பெற்றதனாலேயே வேலை கேட்கும் உரிமை வந்துவிடாது. ஆனாலும் பணி நியமனத்தில் இந்த மதிப்பெண்ணுக்கு ஒரு மதிப்பு தர வேண்டும்.

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவருக்கு அரசுப் பேருந்தில் வேலை நிச்சயமில்லை என்பது யாருக்கும் புரியும். ஆனால் உரிமத் தேர்வில் எட்டுப் போட்ட அழகைப் பார்த்து வேலையும் தருவோம் என்றால் அது உரிமத் தேர்வாக இருக்காது. டெட் விஷயத்தில் குழப்பத்துக்கான விதை முதல் வழிகாட்டுதலிலேயே விழுந்துவிட்டது.

தமிழ்நாட்டில் நடந்தது

அதற்கு முன் இங்கே இடைநிலை ஆசிரியர் வேலை என்றால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புதான் வழி. பயிற்சி முடித்து, பதிவு செய்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறக்காமல் புதுப்பித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2000-க்குப் பிறகு தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் பி.எட். கல்லூரிகளும் பெருகியதில் அந்த வரிசை கட்டுக்கடங்காமல் நீண்டது. அந்த நேரத்தில்தான் டெட் வந்தது. 2011 நவம்பர் 15-இல் வந்த அரசாணை 181, தேர்வை நடத்தும் பொறுப்பை ஆசிரியர் தேர்வு வாரியத்திடம், அதாவது டிஆர்பியிடம், கொடுத்தது.

முதல் தேர்வு 2012 ஜூலை 12. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். முதல் தாளில் 1,735, இரண்டாம் தாளில் 713. நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. கேள்வித்தாள் கடினமாக இருந்தது என்பதைவிட, 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்பதே பெரிய புகார். கேள்வியைப் படித்து விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க சராசரியாக 36 விநாடி. கணக்குக் கேள்விக்கும் அதே 36 விநாடிதான். அரசு அதே அக்டோபரில் துணைத் தேர்வு நடத்தியது. கட்டணம் கேட்கவில்லை, மூன்று மணி நேரம் கொடுத்தது. இம்முறை ஏறத்தாழ 19 ஆயிரம் பேர் தேறினார்கள். இரண்டு தேர்வுக்கும் நடுவே மூன்றே மாதம். அதே ஆட்கள், அதே பாடத்திட்டம். தேர்ச்சி எண்ணிக்கை ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆசிரியரின் தரத்தை அளக்கும் கருவி என்று இதைச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை பார்க்க வேண்டும்.

2013 ஆகஸ்டில் அடுத்த தேர்வு. அதன் முடிவு வந்த பிறகு, 2014 பிப்ரவரியில், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 60-இலிருந்து 55 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 82 எடுத்தால் போதும். சலுகை 2013 தேர்வு எழுதியவர்களுக்கும் பொருந்தும் என்றார்கள், 2012-இல் எழுதியவர்களுக்கு இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றலாமா என்று வழக்கு போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சலுகையை ரத்து செய்தது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சலுகை செல்லும் என்றது.

இதற்கிடையே வெயிட்டேஜ், அதாவது பல மதிப்பெண்களைச் சேர்த்து வேலைக்கான ரேங்க் போடும் கணக்கு. இந்த ஒரு சொல் தமிழ்நாட்டில் எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்தது என்று சொல்லி முடியாது. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட் மதிப்பெண்ணுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டப் படிப்புக்கு 15, பி.எட்.-க்கு 15 என்று நூறு மதிப்பெண். முதலில் இதைப் படிநிலைகளாக வைத்திருந்தார்கள். 60 சதவீதம் எடுத்தவருக்கும் 69 எடுத்தவருக்கும் ஒரே மதிப்பு. அதை உயர் நீதிமன்றம் ஏற்காததால், 2014 மே மாதம் அரசாணை 71 மூலம் நேர் விகிதமாக மாற்றினார்கள். கணக்கு சரியானது. ஆனால் 1990-இல் பிளஸ் டூ எழுதியவரும் 2008-இல் எழுதியவரும் ஒரே தராசில் நிற்க வேண்டியதாயிற்று. அறுநூறு எடுத்தாலே வகுப்பில் முதல் மாணவன் என்ற காலம் ஒன்று இருந்தது. ஆயிரம் எடுப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலமும் வந்தது. மூத்தவர்கள் டெட்டில் 100-க்கு மேல் எடுத்தும் பட்டியலில் பின்னால் போனார்கள்.

2018 ஜூலையில் அரசாணை 149 வந்தது. டெட் இனி வெறும் தகுதி மட்டுமே, வேலைக்குத் தனியாகப் போட்டித் தேர்வு நடக்கும் என்றது. கொள்கையாகப் பார்த்தால் இது தெளிவான முடிவு. உரிமம் வேறு, வேலை வேறு என்று பிரித்துவிட்டார்கள். ஆனால் 2013-இல் தேறி வெயிட்டேஜ் கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது வரிசையையே கலைத்தது போல ஆயிற்று. அவர்கள் சென்னையில் நடத்திய உண்ணாவிரதங்களுக்கும் முற்றுகைகளுக்கும் பின்னால் இருந்த கோபம் இதுதான். அரசாணை வந்தது 2018-இல் என்றால், அதன்படி பட்டதாரி ஆசிரியருக்கான முதல் போட்டித் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். 1,768 இடைநிலை ஆசிரியர் பணியிடங்களுக்கான தேர்வு அதே ஆண்டு ஜூலையில். நடுவே ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் வயது வரம்பைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகமாகவே, வரம்பையும் உயர்த்த வேண்டி வந்தது.

புதுப்பித்தல் என்று ஒன்று இருந்ததா?

ஏழு ஆண்டுச் செல்லுபடி என்பதற்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணம் இருந்திருக்கலாம். பாடத்திட்டம் மாறுகிறது, கற்பிக்கும் முறை மாறுகிறது, பழைய சான்றை வைத்துக்கொண்டு பத்து வருடம் கழித்து வகுப்பறைக்குள் வரக் கூடாது. ஆனால் புதுப்பிக்க என்ன வழி வைத்தார்கள்? மறுபடி முதலிலிருந்து அதே தேர்வு. பயிற்சி எடுத்தால் நீட்டிப்பு, தனியார் பள்ளியில் கற்பித்த அனுபவத்துக்கு நீட்டிப்பு என்று எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை நடத்த வேண்டிய தேர்வோ இங்கே 2013-க்குப் பிறகு 2017, அப்புறம் 2019, அதற்குப் பிறகு 2022 அறிவிப்பு. அந்த 2022 அறிவிப்பின் முதல் தாள் அக்டோபரில் நடக்க, இரண்டாம் தாள் 2023 பிப்ரவரி வரை போனது. 2019-இல் இரண்டாம் தாளில் 3.79 லட்சம் பேர் எழுதி 324 பேர் மட்டுமே தேறினார்கள். 2013-இல் தேறியவரின் சான்று 2020-இல் காலாவதி ஆகும். அதற்குள் அவருக்கு வேலையும் இல்லை, புதுப்பிக்கப் போதிய வாய்ப்பும் இல்லை.

2021 ஜூன் 3-ஆம் தேதி மத்தியக் கல்வி அமைச்சகம் சான்று ஆயுள் முழுவதும் செல்லும் என்று அறிவித்தது. 2011 முதல் தேறியவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் என்றது. லட்சக்கணக்கானவர்கள் மூச்சு விட்டார்கள், அதில் தவறில்லை. ஆனால் அதோடு புதுப்பித்தல் என்ற எண்ணமே முறையிலிருந்து காணாமல் போனது. இன்றைய நிலைமையில் ஒருவர் 23 வயதில் 90 மதிப்பெண் எடுத்துவிட்டால் 60 வயது வரை வேறு எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. 45 வயதில் முதல் முறையாகக் கேட்கப்படுபவர் மட்டும் இப்போது உட்கார்ந்து எழுத வேண்டும். இருவரில் யார் நல்ல ஆசிரியர் என்பதற்கு இந்த இரண்டு ஏற்பாட்டிலும் பதில் இல்லை.

வேலையில் சேர்ந்த பிறகு ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் என்னென்ன சான்று கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம், பி.எட். எல்லாவற்றுக்கும் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். அது தேர்வுத் துறையிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்து சேர வருடக்கணக்கில் ஆனதைப் பல ஆசிரியர்கள் சொல்வார்கள். அது வந்தால்தான் பணிவரன்முறை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, பணிப்பதிவேட்டில் பதிவு. பத்து வருடத்தில் தேர்வு நிலை, இருபது வருடத்தில் சிறப்பு நிலை என்று ஊதிய உயர்வு. இத்தனை கோப்பிலும் இந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைக்கு வாசிக்க வந்ததா என்ற கேள்வி ஓரிடத்தில்கூட வராது. தண்டனை நிலுவையில் இருக்கிறதா, விடுப்பு சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

பயிற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. வட்டார வள மையத்திலும் குறுவள மையத்திலும் நிறையவே நடக்கிறது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியதிலிருந்து தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் பருவம் தோறும் பயிற்சிக்குப் போய் வருகிறார்கள். ஆனால் அந்த நாள்களெல்லாம் வருகைப் பதிவோடு முடிந்துவிடும். தகுதிச் சான்றோடு அவற்றைக் கோர்க்கும் கயிறு எதுவும் இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கயிறு எப்படி இருக்கிறது என்பதற்கு டெக்சாஸ் ஓர் உதாரணம். அங்கே ஆசிரியர் உரிமத்தை மாநிலம் கொடுக்கிறது, ஐந்து ஆண்டு செல்லும். அந்த ஐந்து ஆண்டுக்குள் 150 மணி நேரத் தொடர் பயிற்சி எடுத்திருந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம், மறுபடி தேர்வு எழுத வேண்டியதில்லை. பள்ளி முதல்வர் உரிமம் தனி. அதற்கு முதுகலைப் பட்டம், இரண்டு வருடக் கற்பித்தல் அனுபவம், தனித் தேர்வு எல்லாம் வேண்டும். புதுப்பிக்க 200 மணி நேரம். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். 2015-இல் வந்த ஒரு சட்டத்தின் வழியாக உரிமமே இல்லாதவர்களை நியமிக்கும் வசதியைப் பல மாவட்டங்கள் எடுத்துக்கொண்டன. ஆனாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரிடம் கேட்க வேண்டியது பயிற்சியை, நுழைவுத் தேர்வை அல்ல என்ற புரிதல் அந்த முறையில் இருக்கிறது. நம்மிடம் 2020 தேசியக் கல்விக் கொள்கையும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று ஆசிரியருக்கும் தலைமை ஆசிரியருக்கும் எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அது வேறு விஷயம். 50 மணி நேரம் முடித்தால் சான்று என்ன ஆகும், முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை டெட்டோடு இணைத்து யாரும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

நீதிமன்றம் எதைப் பிடித்துக்கொண்டது

2017-இல் நாடாளுமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. 2015 மார்ச் 31 அன்று பணியில் இருந்து, குறைந்தபட்சத் தகுதி இல்லாத ஒவ்வோர் ஆசிரியரும் நான்கு ஆண்டுக்குள், அதாவது 2019 மார்ச் 31-க்குள், அதைப் பெற வேண்டும் என்றது. அந்தச் சமயத்தில் இதை எல்லோரும் பட்டயமோ பி.எட்.டோ இல்லாதவர்களுக்கான திருத்தம் என்றே எடுத்துக்கொண்டார்கள். வட மாநிலங்களில் பயிற்சி பெறாத ஆசிரியர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக அவர்களுக்குப் பட்டயப் படிப்பும் நடத்தப்பட்டது. தமிழ்நாட்டில் பயிற்சி இல்லாத ஆசிரியர் அரிது. ஆகவே இங்கே பெரிய சலசலப்பு எழவில்லை.

உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்றொடரை நேராகப் படித்தது. குறைந்தபட்சத் தகுதி என்றால் டெட்டும் அதில் ஒன்று. சட்டம் பணியில் இருப்பவர்களையும் சேர்த்தே பேசுகிறது. நாடாளுமன்றத்தின் சட்டத்துக்கு முன்னால் ஒரு அறிவிக்கையின் விலக்குப் பத்தி நிற்காது. தரமான கல்வி அரசமைப்புச் சட்டத்தின் 21ஏ பிரிவின்படி குழந்தையின் உரிமை, ஆசிரியரின் தகுதி அந்த உரிமையின் ஒரு பகுதி. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. குழந்தையின் பக்கம் நின்று யோசித்தால், என் ஆசிரியர் எந்த வருடம் சேர்ந்தார் என்பதைப் பொறுத்து என் உரிமை ஏன் மாற வேண்டும் என்று கேட்கலாம்தானே.

என் சந்தேகம் அளவுகோலின் மேல்தான். இரண்டாம் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் அல்லது வேறொரு தாய்மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60 மதிப்பெண்ணுக்கு கணிதமும் அறிவியலும், இல்லையென்றால் சமூக அறிவியல். இருபது வருடம் தமிழ் மட்டுமே நடத்திய தமிழாசிரியருக்கு அவருடைய பாடத்தில் வருவது 30 மதிப்பெண். 60 மதிப்பெண்ணுக்கு அவர் சமூக அறிவியல் படிக்க வேண்டும், அல்லது கல்லூரிக்குப் பிறகு தொட்டிராத கணிதத்துக்குப் போக வேண்டும். எட்டாம் வகுப்பில் அவர் யாப்பு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார் என்பதை இந்தத் தாள் கேட்கப் போவதில்லை. அறிவியல் பட்டதாரிக்குக் கணக்கும் சேர்ந்தே வரும். மாணவராக இருந்து நேற்று வெளியே வந்தவருக்கு இது சாதாரணம், எல்லாப் பாடமும் சுடச்சுட நினைவில் இருக்கும். தேர்வு அவரை நினைத்துத்தான் வடிவமைக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்குள் இதற்கு முன்பே ஒரு பாதி விடை இருந்தது. 2023 ஜூன் 2-இல் சென்னை உயர் நீதிமன்றம், 2011 ஜூலை 29-க்கு முன் நியமிக்கப்பட்டவர்கள் டெட் இல்லாமல் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டும் என்றால் டெட் வேண்டும் என்றது. இது நடைமுறைக்கு ஒத்துவரும் கோடு என்று எனக்குத் தோன்றுகிறது. இருக்கும் இடத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யவில்லை, மேலே போக விரும்புகிறவரிடம் மட்டும் கேட்டது. உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டை ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அழித்துவிட்டது.

தீர்ப்பை எதிர்த்து தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது. உத்தரப் பிரதேச அரசும் அதே வழியில் போக முடிவு செய்தது. அரசியலில் எதிரெதிரே நிற்கும் இரண்டு அரசுகள் ஒரே பக்கம் வந்து நின்றது இதில் ஒரு வேடிக்கை. மனுவை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதால், பணியில் இருப்பவர்களுக்கென்று 2026-இல் சிறப்பு டெட் தேர்வுகள் நடத்தவும் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது.

சிறுபான்மைப் பள்ளிகள் கதை தனி. 2014-இல் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று சொன்னது, உதவி பெறும் பள்ளியானாலும் சரி, பெறாத பள்ளியானாலும் சரி. 2025 தீர்ப்பை எழுதிய இரு நீதிபதிகள் அது சரிதானா என்று சந்தேகப்பட்டு, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பச் சொன்னார்கள். மிஷன் பள்ளிகள் நூற்றாண்டுக் கணக்கில் ஊன்றியிருக்கும் தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமில்லை. பாளையங்கோட்டையிலோ திருச்சியிலோ அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு உதவி பெறும் பள்ளிகளில், இரண்டிலும் சம்பளம் கொடுப்பது ஒரே அரசு. ஒன்றில் டெட் கட்டாயம், மற்றதில் இல்லை.

தலைமை ஆசிரியருக்கு என்ன சான்று?

இங்கேதான் முறையின் மிகப் பெரிய ஓட்டை இருக்கிறது, அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். தமிழ்நாட்டில் தலைமை ஆசிரியர் ஆவதற்கென்று தனித் தகுதிச் சான்று எதுவும் கிடையாது. இடைநிலை ஆசிரியர் மூப்பின்படி தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆகிறார். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவிக்குத் துறைத் தேர்வுகள் உண்டு. டிஎன்பிஎஸ்சி ஆண்டுக்கு இரு முறை நடத்துகிறது. கணக்குத் தேர்வு, கல்வித் துறைத் தேர்வு என்று அவற்றில் வருவது சம்பளப் பட்டியல் விதி, விடுப்பு விதி, பள்ளி நிர்வாக விதித் தொகுப்பு. கருவூலத்துக்கு அனுப்பும் பட்டியல் தணிக்கையில் அடிபடாமல் இருக்க இது தேவைதான். ஆனால் வராத ஆசிரியரை எப்படிக் கையாள்வது, மூன்றாம் வகுப்பு முழுக்க வாசிப்பில் பின்தங்கியிருந்தால் நேர அட்டவணையில் என்ன செய்வது, பள்ளி மேலாண்மைக் குழுவில் சண்டை வந்தால் யாரிடம் பேசுவது என்பதெல்லாம் அவரவர் கெட்டிக்காரத்தனத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

மேலே போனால் வட்டாரக் கல்வி அலுவலர். அந்தப் பதவிக்குப் பதவி உயர்வும் உண்டு, டிஆர்பி வழியாக நேரடித் தேர்வும் உண்டு. மாவட்டக் கல்வி அலுவலர் நேரடி நியமனம் டிஎன்பிஎஸ்சி குரூப் 1சி வழியாக நடக்கிறது. இந்த இடங்களில் எல்லாம் ஒரு முறை தேர்வு, அதற்குப் பிறகு மூப்பு. உரிமம், செல்லுபடிக் காலம், புதுப்பிப்பு என்ற பேச்சே இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்பவரிடம் 45 வயதிலும் சான்று கேட்கும் முறை, அவரை மேற்பார்வை செய்பவரிடம் எப்படி மேற்பார்வை செய்வது என்று கற்றதற்கான சான்றைக் கேட்கவில்லை.

டெட் வழக்குகளின் நேரடி விளைவும் இந்த இடத்தில்தான் முதலில் தெரிந்தது. 2023 தீர்ப்புக்குப் பிறகு பதவி உயர்வுக் கலந்தாய்வுகள் வழக்குகளில் சிக்கின. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரின் இடத்தில் ஆணை பெற்ற இன்னொருவர் வராமல், பள்ளியிலேயே மூத்தவர் பொறுப்புத் தலைமை ஆசிரியர் ஆனார். சத்துணவுக் கணக்கு, பள்ளி விவரங்களுக்கான எமிஸ் இணையதளப் பதிவேற்றம், ஸ்மார்ட் வகுப்பறைச் சாமான் சரிபார்ப்பு, கூட்டத்துக்கு அழைப்பு எல்லாம் அவர் தலையில். வகுப்பும் அவருடையதே. ஈராசிரியர் பள்ளியென்றால் அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பையும் மற்றவர் ஒருவரே பார்க்க வேண்டும். சிறப்பு டெட்டுக்கு இருவரும் படிக்க வேண்டியது அந்த வேலைக்கு நடுவில்தான்.